சின்னம்மா வீட்டுத் தொட்டி

திண்டிவனம்
18-1-1962

அக்காவுக்கு,

தையல்நாயகி எழுதுகிறேன். பொங்கலுக்கு நாங்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று உனக்கு மனத்தாங்கல் இருக்கும். அவரால் இன்னும் பஸ்ஸில் ஏறி உட்கார முடியவில்லை. அதுதான் காரணம். ஆனால் போன வாரத்திலிருந்து கோலை ஊன்றிக்கொண்டு மல்லாட்டை மண்டி வரைக்கும் போய்க் கடலை மூட்டைகளைப் பார்த்துவிட்டு வருகிறார். கூட்டேரிப்பட்டில் லாரி கவிழ்ந்து, இடுப்பு நொறுங்கி, பாயில் கட்டையாகக் கிடந்த மனிதர். இனி எழுந்திருக்கமாட்டார் என்று ஊரே பேசியது. நீயும் அப்படித்தான் நினைத்தாய். உன் முகத்திலேயே தெரிந்தது.

எல்லாம் இந்தத் தொட்டி செய்த வேலை. சென்னை ஆஸ்பத்திரியில் இருப்பதைப் பார்த்து வந்து வீட்டிலேயே கட்டினோம் என்று சொன்னேன் அல்லவா, நீதான் இன்னும் வந்து பார்க்கவில்லை. ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். உள்ளே முழுக்க வெள்ளைச் சில்லு பதித்திருக்கிறது. வெந்நீரை நிரப்பி மோட்டாரைப் போட்டால், அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, பக்கச் சுவரில் இருக்கும் இரண்டு பித்தளை மூக்கு வழியாகத் திரும்ப உள்ளேயே பீய்ச்சுகிறது. அந்த மூக்கோடு ஒரு காற்றுக் குழாயைச் சேர்த்திருக்கிறார்கள். அதன் வால்வைத் திறந்தால், ஓடுகிற தண்ணீர் தானே காற்றை இழுத்துக்கொண்டு வந்து தொட்டி முழுக்க நுரையாகக் கொப்பளிக்கிறது. உடம்பை ஆயிரம் விரலால் பிடித்துவிடுகிற மாதிரி இருக்கும் என்று அவர் சொல்வார்.

விஷயம் என்னவென்றால், சென்னை டாக்டர் இந்த முறை வந்தபோது, இளம்பிள்ளை வாதம் வந்த குழந்தைகளின் காலுக்கும் இதே தண்ணீர் வைத்தியம்தான் செய்கிறோம் என்றார். எனக்கு உடனே உன் அம்சாவின் கால்தான் நினைவுக்கு வந்தது. நீ அவளை இங்கே அனுப்பு. உனக்கு ஏழாம் மாதம், உன்னால் வந்து தங்க முடியாது என்பது தெரியும். நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு இந்த வீட்டில் வேறு என்ன வேலை இருக்கிறது, சொல்லு.

மாமாவைக் கேட்டு உடனே எழுது.

தையல்நாயகி

விழுப்புரம்
25-1-1962

தையலுக்கு,

உன் காகிதம் வந்தது. உன் மாமா அதை இரண்டு தடவை சத்தம் போட்டுப் படித்தார். ஷெட்டில் எஞ்சினைக் கட்டிக்கொண்டு அழுகிற மனிதருக்கு வீட்டிலும் மோட்டாரும் வால்வும் என்றால் கேட்க வேண்டுமா. தண்ணீர் எப்படிக் காற்றை இழுக்கும் என்று எனக்குத் தரையில் சாக்கட்டியால் படம் போட்டுக் காண்பித்தார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குளிப்பதற்கு ஓர் அறை, அதற்கு ஒரு தொட்டி, தொட்டிக்கு ஒரு மோட்டார். இங்கே ரயில்வே லைன் வீடுகளில் ஒரு தெருவுக்கே ஒரே குழாய். வயிற்றைத் தள்ளிக்கொண்டு குடத்தோடு போய் நிற்கிறேன். இதைப் படித்துவிட்டு அக்காவுக்குப் பொறாமை என்று நினைப்பாய். நினைத்துக்கொள். இருக்கிறது.

அம்சாவுக்கு நான் ஒன்றும் செய்யாமல் இல்லை. ஒலக்கூர் பக்கம் வைத்தியர் ஒருவர் கொடுத்த தைலத்தை மூன்று வேளையும் தேய்க்கிறேன். வலது கால் வரவர ஈர்க்குச்சியாகத்தான் போகிறது. மற்ற பிள்ளைகள் ஓடுவதை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். ஒரு நாள் கூட எனக்கு ஏன் இப்படி என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் அழுதாவது தீர்த்திருப்பேன்.

அதனால் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் மாமா கொண்டுவந்து விடுவார். கேழ்வரகுக் களி தொண்டையில் இறங்காது அவளுக்கு, கூழாகக் கரைத்துக் கொடு. இருட்டில் பயப்படுவாள். தூங்கும்போது என் காது மடலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அங்கே இரண்டு நாள் தூங்கமாட்டாள். நீதான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிரசவம் முடிந்ததும் வந்து அழைத்துக்கொள்வேன். இதை மறந்துவிடாதே.

அஞ்சம்மாள்

திண்டிவனம்
12-2-1962

அக்காவுக்கு,

சாவகாசமாக எழுதலாம் என்று இருந்ததில் நாள் போய்விட்டது. அம்சா சுகமாக இருக்கிறாள். முதல் நாள் மோட்டார் சத்தத்தைக் கேட்டே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றாள். அவரைக் குளிப்பாட்டும் கணக்கில், மூக்குக்குப் போகிற தண்ணீர் வால்வைத் திறந்திருந்தேன். அது அந்தச் சின்னக் காலில் கம்பு மாதிரி அடித்துவிட்டது. அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டேன்.

பிறகு அவரும் சின்னபொண்ணும் சாப்பிடப் போனதும் நான் மட்டும் தொட்டியில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சின்னபொண்ணு தெரியும் அல்லவா, இங்கே வெந்நீர் போடுகிறவள். தண்ணீரை ரொம்பக் குறைத்தால் காற்றை இழுக்கிற வேகமே இல்லை, தொட்டி குட்டைத் தண்ணீராகக் கிடக்கிறது. தண்ணீரைக் கூட்டினால் அடிக்கிறது. காற்றை முழுக்கத் திறந்தால் அடி மெத்தென்று ஆகிறது. ஆனால் காற்றுப் போகப்போக வெந்நீர் சீக்கிரம் ஆறிவிடுகிறது, பிள்ளைக்கு உதடு நடுங்கும். இப்படியும் அப்படியும் திருகித் திருகிக் கடைசியில் ஓர் இடம் கண்டுபிடித்தேன். தண்ணீர் வால்வு பாதித் திறப்புக்குக் கொஞ்சம் கீழே. காற்று கால்வாசி. பக்கத்தில் சின்னபொண்ணு ஒரு தவலை வெந்நீரோடு நின்று, ஆற ஆற ஊற்ற வேண்டும். அப்போது மோர் கடைகிற மாதிரி ஒரு நுரை வருகிறது பார், அதில் உட்கார வைத்தேன். அம்சா இரண்டு கையாலும் நுரையை அள்ளிப் பார்த்தாள். அப்புறம், "தண்ணி சிரிக்குது சின்னம்மா" என்றாள்.

அக்கா, அவள் இப்படிப் பேசுவாள் என்று நீ எனக்குச் சொன்னதே இல்லை.

இப்போது காலையும் மாலையும் அவளே "காத்து உடு, காத்து உடு" என்கிறாள். தண்ணீருக்குள் அந்தக் காலை மடக்குகிறாள், நீட்டுகிறாள். வெளியே வந்தால் அது அசைவதில்லை, உள்ளே அசைகிறது. இரண்டு நாள் தூங்கமாட்டாள் என்று எழுதியிருந்தாய். முதல் நாளே என் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள். தோடு குத்துகிறது என்று கழற்றி வைத்துவிட்டேன். அவளுக்கு இரண்டு பூப்போட்ட கவுன் தைத்தோம். முடி கண்ணில் விழுந்தது, கொஞ்சம் வெட்டிவிட்டேன், அழகாக இருக்கிறது. குழந்தைதானே, அவசரத்தில் கூப்பிடும்போது 'சின்ன' விழுந்துபோய் வெறும் அம்மா என்றே வருகிறது. நாங்கள் சிரித்துக்கொள்கிறோம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தையல்நாயகி

விழுப்புரம்
20-2-1962

தையலுக்கு,

கார்டில் எழுதினால் தபால்காரர் முதல் எல்லாரும் படிப்பார்கள் என்று கவர் வாங்கி எழுதுகிறேன்.

நீ பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். தண்ணீர் எவ்வளவு, காற்று எவ்வளவு, நுரை எப்படி, எல்லாம் இருக்கிறது. அவள் என்னைக் கேட்டாளா என்று ஒரு வரி இல்லை. தலைகீழாகப் பிடித்துக் கூடப் பார்த்தேன்.

முடியை யாரைக் கேட்டு வெட்டினாய். மயிலம் முருகனுக்கு நேர்ந்துகொண்ட முடி அது. கால் சரியானால் வந்து இறக்குகிறேன் என்று வேண்டியிருக்கிறேன். உனக்குத் தெரியாது. தெரியாவிட்டால் கேட்க வேண்டும்.

அவசரத்தில் 'சின்ன' விழுந்துவிடுகிறதா. விழாமல் பார்த்துக்கொள். ஒவ்வொரு தடவையும் திருத்து. "நான் சின்னம்மா, உங்க அம்மா விழுப்புரத்துல இருக்குது" என்று சொல்லிக் கொடு. சிரித்துக்கொள்கிறார்களாம். எனக்கு இங்கே சிரிப்பு வரவில்லை.

உன் மாமா படித்துவிட்டு, கால் அசையுது என்று எழுதியிருக்கிறாளே, அதைப் பார்க்காமல் மற்றதையெல்லாம் பார்க்கிறாயே என்கிறார். அதையும்தான் பார்த்தேன். பெற்றவள் கையில் அசையாத கால் அங்கே அசைகிறது. அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் வந்தது, அதோடு கூடவே இன்னொன்றும் வந்தது. அது என்ன என்று உனக்கு எழுதி விளக்க வேண்டியதில்லை.

பயமாக இருக்கிறது, தையலு. இந்தப் பிரசவம் எப்படி ஆகுமோ தெரியவில்லை. எனக்கு ஏதாவது ஆனால் அவளுக்கு என் முகமாவது நினைவு இருக்க வேண்டாமா.

அஞ்சம்மாள்

திண்டிவனம்
2-4-1962

அக்காவுக்கு,

மாமா அனுப்பிய தந்தி வந்ததும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். நல்லபடியாகப் பிரசவமாகி ஆண்பிள்ளையும் பெற்றுவிட்டாய். அம்சாவிடம், உனக்குத் தம்பி பிறந்திருக்கிறான் என்று சொன்னேன். "தம்பிக்குக் கால் நல்லா கீதா?" என்று கேட்டாள். நல்லா இருக்கிறது என்றேன். அப்புறம்தான் பொரி சாப்பிட்டாள்.

உன் போன காகிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். அவள் உன்னைக் கேட்டாள், அக்கா. வந்த புதிதில் சாயங்காலம் ஆனால் வாசலைப் பார்ப்பாள். நான் அதை எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று என்னைக் கேட்காதே. உனக்குத்தான் எழுத்தில் இல்லாததும் தெரிகிறதே.

முடி விஷயம் தெரியாமல் செய்தது. மன்னித்துக்கொள்.

இப்போது பெரிய சேதி. போன வாரம் ஒரு நாள் காலையில் தொட்டியில் தண்ணீர் மார்பு மட்டத்துக்கு நிற்க, காற்றை மெல்ல விட்டுக்கொண்டு, விளிம்பைப் பிடிக்கச் சொல்லி அவளைத் தூக்கி நிறுத்தினேன். கையை எடுத்தேன். நின்றாள். தண்ணீரும் நுரையுமாகச் சேர்ந்து தாங்கியது உண்மைதான், ஆனாலும் நின்றாள், இரண்டு காலிலும். அவர் கோலைக் கூட எடுக்காமல் மண்டியிலிருந்து வந்து பார்த்தார். டாக்டருக்குச் சொல்லி அனுப்பினோம். இன்னும் ஒரு வருஷம் விடாமல் செய்தால் காலைத் தாங்குகிற கம்பிச் செருப்பு போட்டு நடக்க வைத்துவிடலாம் என்கிறார். நடுவில் விட்டால் நரம்பு இழுத்துக்கொள்ளும், அப்புறம் பிரயோஜனம் இல்லை என்றும் சொன்னார்.

அதனால் ஒன்று கேட்கிறேன். ஆனியில் பள்ளிக்கூடம் திறக்கிறது. அவளை இங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாமா. பள்ளிக்கூடம் எதிர் வீதியில்தான். நான் தூக்கிக்கொண்டு போய் விட்டுவருவேன்.

உனக்கு மடியில் ஒன்று வந்துவிட்டது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் எனக்கு மாசாமாசம் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியும். உன் வயிற்றைப் பார்த்துப்பார்த்து நான் எத்தனை நாள் சாப்பிடாமல் படுத்திருக்கிறேன் என்று தெரியாது. தொட்டியையும் மோட்டாரையும் பார்த்து உனக்குப் பொறாமை என்றாய். இரண்டையும் தராசில் வைத்துப் பார், எது கனம் என்று.

தையல்நாயகி

விழுப்புரம்
9-5-1962

தையல்நாயகிக்கு,

நான் அம்சாவைத் தூக்கிக்கொண்டு வந்தது தப்பு என்று உன் வீட்டுக்காரர் உன் மாமாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். என்ன நடந்தது என்று அவருக்கு நீ சொன்னாயா. சொல்லியிருக்கமாட்டாய். நான் எழுதுகிறேன், அவரிடம் காட்டு.

முப்பது நாள் கழிந்ததும் கைப்பிள்ளையோடு ரயிலேறி வந்தேன். பிள்ளைக்குக் கழுத்துக்கூட நிற்கவில்லை. வந்தவளை அம்சா யாரோ ஊர்க்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். சரி, குழந்தை, பழகுவாள் என்று இருந்தேன். மறுநாள் காலையில், இன்றைக்கு நான் குளிப்பாட்டுகிறேன் என்றேன். நீ ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாய். "செய்யேன்" என்றாய். செய்யாதே என்று சொல்லியிருந்தால் கூடப் பொறுத்திருப்பேன்.

நீ எழுதிய கணக்கெல்லாம் எனக்குப் பாடம். தண்ணீர் பாதிக்குக் கொஞ்சம் கீழே, காற்று கால்வாசி. அப்படியேதான் திருகினேன். மோட்டார் ஓடியது. ஒரு குமிழி வரவில்லை. காற்றை அரைவாசி வைத்தேன், முழுக்க வைத்தேன். தண்ணீர் மட்டும் குத்துகிறது. அவள் காலை இழுத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "அம்மா" என்று கூப்பிட்டாள். "இதோ கீறேன்டி" என்று குனிந்தேன். அவள் பார்த்தது என்னை இல்லை. என் தோளுக்குப் பின்னால், கதவண்டை நின்ற உன்னை.

நீ வந்தாய். மோட்டாருக்குப் பின்புறம் குனிந்தாய், நிமிர்ந்தாய். தொட்டி கொப்பளித்தது. அவள் அழுகையை நிறுத்திவிட்டுக் கை தட்டினாள்.

அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் ஈரத்தோடு அவளைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தேன். ரயிலில் உன்னைக் கேட்டு அழுதுகொண்டே வந்தாள். எதிரே உட்கார்ந்த ஒரு பொம்பளை, பிள்ளை யாருது என்று என்னைக் கேட்டாள்.

உன் மாமாவிடம் இப்படி இப்படி என்று சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, மூக்கில் காற்று வரவில்லை என்றால் குழாய்க்கு மூலத்தில் இன்னொரு வால்வு இருக்கும், அது மூடியிருந்திருக்கும் என்றார். யார் மூடியது என்று அவர் சொல்லவில்லை. அவர் நல்லவர்.

நீ சொல்லு.

அஞ்சம்மாள்

திண்டிவனம்
16-5-1962

அக்காவுக்கு,

உன் காகிதத்தை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்துவிட்டுத் தொட்டி அறைப் பக்கமே போகாமல் மண்டிக்குப் போய்விட்டார். 

பின்னால் ஒரு வால்வு இருக்கிறது. அது மூடியிருந்தது. முதல் நாள் ராத்திரி அம்சாவுக்குச் சளி கட்டியிருந்தது, காற்று விட்டால் தண்ணீர் ஆறிப்போகும், அதனால் மூடினேன். சளி இருந்தது பொய்யில்லை, சின்னபொண்ணைக் கேட்டுப் பார். ஆனால் நீ உள்ளே இறங்கும்போது நான் அதைச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சொல்லவில்லை. கதவண்டை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

மோட்டாரைப் போட்டே பல நாள் ஆகிறது. தொட்டியில் தண்ணீர் இல்லை. சின்னபொண்ணு பழக்கத்தில் காலையில் வெந்நீர் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, அப்புறம் அணைக்கிறாள்.

நீ அவளை அழைத்துக்கொண்டு வா. வந்து நீயே செய். நான் அந்த அறைக்குள் கால் வைக்கமாட்டேன். வெறும் வாய்வார்த்தை இல்லை என்று நீ நம்புவதற்காக, முன்பு எழுதாததையும் சேர்த்து எழுதுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

முதலில் இரண்டு மூக்கும் முழுகுகிற வரைக்கும் தண்ணீர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே பீய்ச்சி அடிக்கும். முழங்கையை விட்டுப் பார், சுடக்கூடாது, இதமாக இருக்க வேண்டும். மோட்டாருக்குப் பின்னால், சுவர் ஓரமாகக் குனிந்தால் சிவப்புப் பிடி போட்ட வால்வு தெரியும். அதுதான் காற்றுக்கு மூலம். அதை முழுக்கத் திறந்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். தண்ணீர் வால்வை மூடிய நிலையிலேயே மோட்டாரைப் போட்டு, மெல்ல மெல்லத் திற. வலது கால் மூக்குக்கு நேராக வராதபடி அவளை உட்கார வை, முதுகுப் பக்கம் அடித்துச் சுற்றிக்கொண்டு வரட்டும். காற்றைக் கடைசியில் விடு. அவள் கெஞ்சுவாள், அவள் பேச்சைக் கேட்டுக் கூட்டாதே. நுரையைப் பார்க்காதே, அவள் தோளைப் பார். தோள் தளர்ந்து இறங்கினால் அளவு சரி. தோள் ஏறி நின்றால் தண்ணீர் அதிகம், இல்லை தண்ணீர் ஆறிவிட்டது.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இனி என்னிடம் மட்டும் என்று எதுவும் இல்லை.

தையல்நாயகி

விழுப்புரம்
5-6-1962

தையலுக்கு,

பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

இங்கே அண்டாவில் வெந்நீர் நிரப்பி அம்சாவை உட்கார வைத்தேன். உன் மாமா ரப்பர் குழாயை உள்ளே விட்டு, சைக்கிள் பம்பால் காற்றடித்தார். எஞ்சினோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த கையோடு, வேர்த்து ஊற்ற ஊற்ற அடித்தார். நான்கு குமிழி வந்தது. அம்சா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "போதும்பா, நல்லா கீது" என்றாள். எங்களுக்காகச் சொன்னாள். அந்த வயதுப் பிள்ளை அப்படிச் சொல்லக்கூடாது.

நேற்றுக் காலை அவளைச் சுவரோடு நிறுத்திப் பார்த்தேன். வலது குதிகால் தரையில் படவில்லை. போன மாதம் பட்டது. டாக்டர் சொன்னபடியே இழுத்துக்கொள்கிறது.

உன்னோடு நான் பேசவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை அவளையும் சின்னவனையும் தூக்கிக்கொண்டு வருகிறேன். சின்னபொண்ணை அடுப்புப் பற்ற வைக்கச் சொல்.

அஞ்சம்மாள்

விழுப்புரம்
24-6-1962

தையலுக்கு,

வீடு வந்து சேர்ந்தோம். சின்னவன் ரயிலில் முழுக்கத் தூங்கினான். எனக்குக் கை வெறுமையாக இருந்தது. ஒரு பக்கம் பிள்ளை இருந்தும் மறுபக்கம் வெறுமை.

நீ சொன்ன மாதிரியே இருந்தாய். நான் தொட்டி அறையில் இருக்கும்போதெல்லாம் நீ பின்கட்டில் சின்னபொண்ணோடு உட்கார்ந்து மல்லாட்டை உடைத்தாய். உடைக்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. சிவப்புப் பிடியைத் திறந்தேன், தண்ணீரை மெல்ல விட்டேன், காற்றைக் கடைசியில் விட்டேன். நுரை வந்தது. அவள் தோள் மட்டும் இறங்கவில்லை. இரண்டாம் நாளும் இறங்கவில்லை. காலை இரண்டு கையாலும் பிடித்து மடக்கி நீட்ட வேண்டும், அதே நேரத்தில் காற்று ஏறிப்போகிறது, குறைக்க வேண்டும். எனக்கு இரண்டு கைதான் இருக்கிறது. நீ இத்தனை நாள் தனியாக எப்படிச் செய்தாய் என்று தெரியவில்லை. பழகிய கை. என் கை பழகவில்லை.

மூன்றாம் நாள் நான் உன்னைக் கூப்பிட்டது அம்சா கேட்டதற்காக என்று நீ நினைத்திருப்பாய். அவள் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பயந்துகொண்டு வாயைத் திறக்காமல் இருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ வந்து வால்வைப் பிடித்தாய், நான் காலைப் பிடித்தேன். தோள் இறங்கியது. அவள் மட்டும் பேசிக்கொண்டே இருந்தாள். சின்னவனைத் தொட்டியில் விட்டால் அவனும் சிரிப்பானா என்று கேட்டாள்.

அவளை விட்டுவிட்டு வந்தது உனக்குக் கொடுத்ததாக ஆகாது. கால் நடக்கிற வரைக்கும்தான். பள்ளிக்கூடத்தில் பெயர் எழுதும்போது அப்பா பெயர் சுப்பராயலு, அம்மா பெயர் அஞ்சம்மாள் என்று எழுதச் சொல். உன்னை அம்மா என்றே கூப்பிட்டுக்கொள்ளட்டும். நீ திருத்தத் திருத்த அவள் முழிப்பதை நான் இந்த முறை பார்த்தேன். பிள்ளையை நம் சண்டைக்குள் இழுக்க வேண்டாம். ஆனால் என் காதில் விழாமல் கூப்பிடட்டும். நான் வரும்போது மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்.

கடைசியாக ஒன்று. மாசத்துக்கு இரண்டு காகிதமாவது போடு. கால் எப்படி இருக்கிறது என்று எழுது, உள்ளது உள்ளபடி. என்னைக் கேட்டு அழுதாளா என்றும் எழுது. அழவில்லை என்றாலும் அழுதாள் என்று எழுது. பொய் என்று எனக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை.

அஞ்சம்மாள்

திண்டிவனம்
8-7-1962

அக்காவுக்கு,

பள்ளிக்கூடத்தில் நீ சொன்னபடியே பெயர் எழுதினோம். கால் உள்ளது உள்ளபடி: குதிகால் தரையில் பட ஆரம்பித்திருக்கிறது, முழுக்கப் படவில்லை. தொட்டிக்குள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கிறாள். கம்பிச் செருப்புக்கு அளவு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அழுதாள் என்று எழுதச் சொன்னாய். அழவில்லை. அதை எழுத நான் பேனாவைத் திறக்கவுமில்லை. இப்போது எழுதப் போவது வேறு, இது நான் இட்டுக்கட்டியது இல்லை. எழுதாமல் விட்டுவிடலாமா என்று மூன்று நாள் பார்த்தேன்.

நாலைந்து நாளாகச் சாயங்காலம் தொட்டியில் இருக்கும்போது, நடுவில் மோட்டாரை நிறுத்தச் சொல்கிறாள். முதலில் கால் வலிக்கிறதாக்கும் என்று நிறுத்தினேன். நிறுத்தினால் நுரையெல்லாம் அடங்கித் தண்ணீர் சும்மா நிற்கிறது. கழுத்தை நீட்டிக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, "ம், போடு" என்கிறாள். ஏன் என்று கேட்டால் சொல்வதில்லை. வியாழக்கிழமை நான் நிறுத்தமாட்டேன், காரணம் சொன்னால்தான் நிறுத்துவேன் என்றேன். அழுதுவிடுவாள் போல் ஆகிவிட்டது.

"விழுப்புரம் வண்டி போற நேரம். மோட்டாரு சத்தத்துல கேக்க மாட்டேங்குது. அம்மாவூட்டாண்ட போற வண்டி அது" என்றாள்.

அவ்வளவு சிரமப்பட்டு அந்தத் தண்ணீரும் காற்றும் கூடுகிற இடத்தைக் கண்டுபிடித்தேன், அக்கா. அதை நிறுத்தச் சொல்லிவிட்டு உன் ஊர் வண்டியைக் கேட்கிறாள். வண்டி போகிற வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் அவளோடு உட்கார்ந்து கேட்டேன். வயிறு எரிகிறது. எரிந்தாலும் தினமும் நிறுத்துகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு லீவு இருந்தால் வாருங்கள். நீ வருகிற வண்டிச் சத்தமும் அவளுக்குக் கேட்கட்டும். அன்றைக்குத் தண்ணீர் ஆறினால் ஆறட்டும், திரும்பக் காய்ச்சிக்கொள்ளலாம்.

தையல்நாயகி